அணுவுக்குள் சூரியக் குடும்பமா? – கடிதம்

வணக்கம் ஐயா,

சேலத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளை ஏற்காடு கூட்டிப் போயிருந்தோம். லேடீஸ் சீட்டில் நின்று, கீழே சேலத்து விளக்குகளையும் மேலே நட்சத்திரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அணுவுக்குள்ள ஒரு குட்டி சூரியக் குடும்பம்தானே இருக்கு? அப்ப நம்ம பிரபஞ்சமே யாரோ ஒருத்தரோட அணுவா இருக்கலாமா?" அண்டத்தில் உள்ளதே பிண்டம் என்று சொல்லி வைத்தேன். மனசு ஆறவில்லை. அவனுக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அணுவுக்குள் சூரியக் குடும்பம் இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

உங்கள் ஊர் மாம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் அணுவின் கருவைப் பத்து சென்டிமீட்டர் மாம்பழமாக்கிப் பழைய பஸ் ஸ்டாண்டில் வைத்தால், எலெக்ட்ரானின் எல்லை சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, அஸ்தம்பட்டியைத் தாண்டிவிடும். அதே மாம்பழம் சூரியன் என்றால், நெப்டியூன் 300 மீட்டர் சொச்சத்திலேயே சுற்றும். அதாவது சூரியக் குடும்பத்தைவிட அணுவில் வெற்றிடம் அதிகம். பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி? 2,900 கிலோமீட்டர், இமயமலைக்கும் அப்பால். சரி, பால்வீதி முழுவதையும் அந்த மாம்பழமாக்கினால் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடா வெறும் இரண்டரை மீட்டரில் வந்து நிற்கிறது! விண்மீன் மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதுவதும், அந்த மோதலிலும் நட்சத்திரங்கள் முட்டிக்கொள்வது மிக அபூர்வமாக இருப்பதும் இதனால்தான்.

ஒரே படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் ஒட்டியதாக இருந்தால் இந்த விகிதங்கள் மாறக் கூடாது. மாறுகின்றன, ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் ஆட்சி வேறு. கருவைக் கட்டிவைப்பது அணுக்கரு விசை. அணுவையும் கல்லையும் கட்டிவைப்பது மின்விசை. கோளுக்கு மேலே எல்லாம் ஈர்ப்பின் ராஜ்யம். சேர்வராயன் மலை ஏறத்தாழ 1,600 மீட்டர், எவரெஸ்ட் 8,849. பூமியில் 50 கிலோமீட்டர் உயர மலை நிற்கவே முடியாது. அந்தப் பாரத்தில் அடிப்பாறையின் பிணைப்புகள் விட்டுக்கொடுத்துவிடும். செவ்வாயில் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான். அங்கே ஒலிம்பஸ் மான்ஸ் என்ற மலை 20 கிலோமீட்டருக்கு மேல் நிற்கிறது. ஒரு மலையின் உயரத்தில் மின்விசையும் ஈர்ப்பும் போடும் மல்லுக்கட்டு தெரிகிறது பாருங்கள், எனக்கு இது அலுப்பதே இல்லை.

மேலே போனாலும் அந்தப் பையன் எதிர்பார்க்கும் வடிவம் வருவதில்லை. நம் பால்வீதி இருக்கும் லானியாகியா என்ற விண்மீன் மண்டலப் பெருங்கொத்தை 2014-ல் வரைந்து காட்டினார்கள். அகலம் சுமார் 52 கோடி ஒளியாண்டு. இன்னும் பெரிய அளவில் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சமமாகிவிடுகிறது. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. இந்தப் பெருங்கொத்துகளைவிடப் பெரிதாக எதையும் திரட்டிச் சேர்க்க ஈர்ப்புக்கு அவகாசம் போதவில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன சித்தர் வாக்கை நான் கைவிடமாட்டேன். வடிவத்தில் அது பொருந்தாது, பொருளில் பொருந்தும். சேலத்தில் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லில் இருப்பது மக்னீசியம். ஏற்காட்டுக் காப்பி இலையின் ஒவ்வொரு பச்சைய மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாமல் இலை வெயிலைப் பிடிக்காது. கல்லில் இருப்பதும் இலையில் இருப்பதும் பூமி பிறப்பதற்கு முன்பே பெரிய நட்சத்திரங்களுக்குள் வெந்து உருவானவை.

வகுப்பில், கருவை எலெக்ட்ரான்கள் கோள்கள் போலச் சுற்றுவதாக 1913-ல் நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானி தந்த அணு மாதிரிப் படத்தைத் தாராளமாக வரையுங்கள். அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: கோள் எந்தத் தூரத்தில் வேண்டுமானாலும் சுற்றலாம், அதனால் ஒரு சூரியக் குடும்பம் போல இன்னொன்று இல்லை, ஏற்காடு ஏரித் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனும் ஆண்ட்ரோமீடாவில் இருக்கும் ஹைட்ரஜனும் மட்டும் எப்படி அச்சு அசலாக ஒன்றாக இருக்கின்றன? 1926-ல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டில் அதற்கு விடை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் விடை வேண்டாம், கேள்வியோடு அவன் வீட்டுக்குப் போகட்டும்.