ஏப்ரல் மீனுக்குப் பயப்படாதீர்கள், நம்ம ஆட்களுக்குப் பயப்படுங்கள்

தங்கச்சி, ஏப்ரல் முதல் தேதி பையன் முதுகில் காகித மீனோடு வீட்டுக்கு வந்தான், நிறத்தைப் பார்த்துக் கேலி செய்கிறார்களா, பள்ளியில் புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுத்துவிடாதீர்கள். பிரான்ஸில் அன்றைக்கு மீன் ஒட்டாத முதுகுதான் பாவப்பட்ட முதுகு.

பிள்ளைகள் முந்தின நாளே மீன் வரைந்து, செதிலுக்கு வண்ணம் அடித்து, வெட்டி வைத்துக்கொள்வார்கள். பின்னால் ஒரு துண்டு டேப். கூட்டாளியின் தோளில் அன்பாகத் தட்டுவது போல ஒட்டிவிட்டு, அவன் கண்டுபிடித்ததும் "புவாஸோன் தாவ்ரில்!" என்று கத்துவார்கள். ஏப்ரல் மீன், அவ்வளவுதான். என் மகள் படித்த பள்ளியில் டீச்சரே ஏழெட்டு மீன்களை முதுகில் சுமந்துகொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு சாயங்காலம் வாசலில் நிற்பார். உங்கள் பையனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் ஊரில் உருளைக்கிழங்கை அறுத்து, ஏப்ரல் ஃபூல் என்பதற்கு ஏ.எஃப். என்று இடவலம் மாற்றிச் செதுக்கி, மையில் தோய்த்துச் சட்டையில் குத்துவோமே, அதை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். யாராவது கோட்டில் மை பட்டால் மறுநாள் நீங்கள் பள்ளிக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்கச் சொன்ன கதைக்கு வருகிறேன். சித்திரைப் புத்தாண்டு கொண்டாடிய நம்மை வெள்ளைக்காரன் முட்டாள் என்று கேலி செய்ததுதான் இந்த நாள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை எனக்கும் வருஷா வருஷம் நாலு பேர் அனுப்புகிறார்கள். இதை அனுப்புவதில் லண்டன் சொந்தக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. இங்கே எல்லோரும் சொல்லும் கதையில் வருவது பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்ல். அம்மா கத்ரீனோடு நாட்டைச் சுற்றிவரும் வழியில், 1564 ஆகஸ்டில், ரோன் நதிப் பக்கம் ரூசியோன் என்ற ஊரில், வருஷம் ஜனவரி 1-இல்தான் பிறக்கும் என்று ஆணை போட்டார். அப்போது அவருக்கு வயது 14. ஏப்ரலில் புத்தாண்டு கொண்டாடும் பழைய பழக்கத்தை விடாதவர்களுக்குப் பொய்ப் பரிசு கொடுத்துக் கிண்டலடித்தார்களாம், அதிலிருந்து வந்ததாம் ஏப்ரல் கூத்து. இதில் நமக்கு எங்கே இடம்? பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரிக்கு வந்ததே 1674-இல்.

அந்தச் சார்ல் கதையும் இடிக்கிறது. அதுவரை பாரிஸில் வருஷம் பிறந்தது ஈஸ்டரில். வேறு சில ஊர்களில் மார்ச் 25, சில இடங்களில் கிறிஸ்துமஸ். ஏப்ரல் முதல் தேதியைப் புத்தாண்டாகக் கொண்டாடியவன் எங்கே இருந்தான்? ஏப்ரல் மீன் என்ற பேச்சோ 1508-லேயே எலுவா தமேர்வால் என்ற பிரெஞ்சுக் கவிஞரின் பாட்டில் வந்துவிட்டது. மீன் ஏன் என்பதற்குத் தவக்காலம், மீன்பிடித் தடை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், விடுங்கள்.

எனக்குப் பிடித்தது 1561-இல் எடுவார்ட் த டேன என்ற ஃபிளெமிஷ் கவிஞர் எழுதியது. ஒரு பிரபு ஏப்ரல் முதல் தேதியன்று வேலைக்காரனை வேண்டாத காரியங்களுக்கெல்லாம் அங்கும் இங்கும் ஓட விடுகிறார். தன்னை முட்டாளாக்குகிறார்கள் என்று அவனுக்கே சந்தேகம், இருந்தும் சொன்ன பேச்சைத் தட்ட முடியாது. ஸ்காட்லாந்திலும் இதே விளையாட்டு உண்டு. சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள்; பிரித்துப் படிப்பவர் சிரிக்காமல் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டும்.

நான் வந்த புதிதில் ஓர் உணவகத்தில் தட்டு கழுவினேன். தலைமைச் சமையல்காரர் சீட்டு எழுதிக் கொடுத்து, எதிர்க் கடையில் கருவி ஒன்று வாங்கி வரச் சொன்னார். கடைக்காரர் சீட்டைப் படித்து, தாடையைத் தடவி, பக்கத்துத் தெருவைக் காட்டினார். அங்கிருந்து இன்னொரு கடை. மழை வேறு. எனக்குப் பிரெஞ்சில் நன்றியும் வணக்கமும் தவிர ஒன்றும் தெரியாது. வாழைப்பழத்தை நேராக்கும் மெஷின் வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், எனக்குத் தனியாக ஒரு தட்டு கறியும் எடுத்து வைத்திருந்தார்கள். அது வலிக்கவில்லை.

வலித்தது அறைத்தோழர்கள் செய்தது. காகிதம், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, கிடைக்காமல் நான் தூங்காத காலம். அந்தக் காகிதம் கொடுக்கும் அரசு அலுவலகமான பிரெஃபெக்சூரிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது, தபால் நிலையத்தில் போய் வாங்கு என்று அதே மாதிரி ஒரு ஏப்ரலில் சொன்னார்கள். வரிசையில் நின்று, கவுண்டர் பெண்மணி இல்லை இல்லை என்று தலையாட்டிய பிறகும் நகராமல் நின்றேன். சொன்னவர்கள் எல்லோரும் காகிதம் வாங்கிவிட்டவர்கள். நம்ம ஆட்களில் இந்த ரகம் இன்னும் இருக்கிறது. நேற்றுவரை தானும் ஓடியவன்தான் இன்று புதிதாக வந்தவனை ஓட விடுவான். அதனால் ஏப்ரல் முதல் தேதியன்று விசா, காகிதம், வேலை என்று யார் போன் செய்தாலும் சரி, ரேடியோவில் புதுச் சட்டம் என்று கேட்டாலும் சரி, மறுநாள் வரை பேசாமல் இருங்கள். லண்டனில் மத்தியானத்தோடு இந்த விளையாட்டு முடிந்துவிடும், அதற்குப் பிறகு செய்பவன்தான் முட்டாள். இங்கே ராத்திரி வரை உண்டு.

இப்போது எங்கள் வீட்டிலும் மீன் வெட்டுகிறோம். போன வருஷம் என் மேலாளர் முதுகில் நானே ஒன்று ஒட்டினேன், பச்சை வௌவால் மீன், மெட்ரோ வரை போய்விட்டார்.

பள்ளிக் கேன்டீன் கட்டணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள், ஊருக்கு ஊர் மாறும். வருமானக் காகிதத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.