கணுக்காலில் மூன்று இடத்தில் எலும்பு முறிவு. ஆபரேஷன் இல்லாமல் கட்டு போட்டே சரி செய்ய முடியாதா? பழையபடி நடக்க எத்தனை நாள் ஆகும்?

உங்கள் அம்மாவுக்கு வயது 52, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் ட்ரைமல்லியோலார் முறிவு, ஸ்லாப் (காலைச் சுற்றி முழுசாக மூடாத மாவுக்கட்டு) போட்டு அனுப்பிவிட்டு ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2019-ல் எனக்கும் இதே முறிவுதான். நான் டாக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

மழை வருகிறதே என்று மொட்டை மாடித் துணியை அள்ளிக்கொண்டு இறங்கினேன். கடைசி இரண்டு படி கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்து பார்த்தால் பாதம் காலோடு சேராமல் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக அதை இழுத்து நேராக்கி ஸ்லாப் போட்டார்கள். சித்தப்பா அதற்குள் வண்டியோடு வந்துவிட்டார். "புத்தூருக்குப் போய் ரெண்டு கட்டு கட்டினா போதும், எதுக்குக் கத்தி?" என்றார்.

டாக்டர் கோபப்படவில்லை. சீட்டின் பின்பக்கம் ஒரு வாசக்கால் வரைந்தார். கணுக்காலின் உள்ளேயும் வெளியேயும் புடைத்துத் தெரிகிற இரண்டு எலும்புகளும் இரண்டு பக்க நிலை. நடுவில் கச்சிதமாக உட்கார்ந்திருப்பது டேலஸ் என்கிற எலும்பு. எனக்கு இரண்டு நிலையும் உடைந்து, பின்பக்க விளிம்பும் பெயர்ந்திருந்தது. டேலஸ் ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலும் மூட்டில் எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976-லேயே ராம்சி, ஹாமில்டன் இருவரும் அளந்து காட்டியிருக்கிறார்கள். அப்புறம் மொத்த உடம்பு எடையும் மிச்சமிருக்கிற பரப்பில்தான் இறங்கும், மூட்டு சீக்கிரம் தேயும். விலகாத முறிவு என்றால் மாவுக்கட்டே போதும். மூன்று இடமும் விட்டுப்போய் மூட்டு விலகியிருந்தால், வெளியிலிருந்து கட்டி அந்த ஒரு மில்லிமீட்டரைப் பிடித்து வைப்பது ரொம்பக் கஷ்டம். சித்தப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

தள்ளி வைத்ததற்குப் பயப்படாதீர்கள். கணுக்காலில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே கிடையாது. வீங்கிப் பளபளக்கும் தோலை அறுத்தால் தையல் சேராது, சீழ் வைக்கும். எனக்குக் கொப்புளமே வந்துவிட்டது. மூன்று தலையணை அடுக்கி, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துப் படுத்திருந்தேன். தினமும் காலையில் ஒரு சின்ன டாக்டர் வருவார், குனிந்து தோலைப் பார்ப்பார், "இன்னும் சுருக்கம் விழல" என்று போய்விடுவார். ஒன்பதாம் நாள்தான் வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்தது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதால் வலி தெரியவில்லை. டிரில் சத்தம் மட்டும் பக்கத்து வீட்டில் அலமாரி மாட்டுவதுபோலக் கேட்டது. வெளி எலும்பில் பிளேட், உள்ளேயும் பின்னாலும் ஸ்க்ரூ.

கஷ்டம் அதற்குப் பிறகு. எனக்கு ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் நீட்டிச் சொல்வார்கள், மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தையலில் நீர் கசிந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகிற அபாயம் உண்டு.

கட்டைப் பிரித்தபோது எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தது, பாதம்தான் பலகை மாதிரி விறைத்திருந்தது. துண்டை விரல்களுக்கு அடியில் போட்டு என் பக்கம் இழுக்க வேண்டும், தினம் மூன்று வேளை. இதில் ஏமாற்றினால் பின்னால் எதைச் செய்தும் முழுசாக ஈடுகட்ட முடியாது என்பது என் அனுபவம். மூன்றாவது மாதக் கடைசியில் வாக்கரை விட்டேன். படி ஏறுவது சீக்கிரம் வந்தது. இறங்குவதற்கு ஆறு மாதம். ஒரு வருஷம்வரை சாயங்காலமானால் செருப்பு வார் பதியும் அளவுக்கு வீக்கம் இருந்தது.

பழையபடி ஆகுமா என்றால், முழுசாக ஆகவில்லை. நடக்கிறேன், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். ஆனால் இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் குதிகால் தரையைத் தொடாது. பந்தியில் சம்மணம் போட்டால் காலில் வைத்த பிளேட் தரையில் அழுந்திக் குத்தும், ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்வேன். பிளேட்டை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, தொந்தரவு கொடுத்தால் எடுக்கலாம் என்றார்கள். இன்னொரு தடவை முதுகில் ஊசியா என்று விட்டுவிட்டேன்.

கமோடு நாற்காலியும் வாக்கரும் ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிவிடுங்கள், வாடகைக்கும் கிடைக்கும். நல்ல காலை மட்டும் ஊன்றி எழுந்து உட்கார்வதை அம்மாவுக்கு இந்த வாரமே பழக்குங்கள். நான் பழகாமல் போய், வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே பாத்ரூம் வாசலில் தடுமாறினேன்.