கணவரின் இங்கிலாந்து ஓய்வூதியம் அவர் அண்ணனுக்கா?

கேள்வி: என் கணவர் திருமணத்துக்கு முன்பு இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது, நிறுவன ஓய்வூதியத் திட்டப் படிவத்தில் தம் அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். சென்ற ஆண்டு அவர் காலமானார். தொகை முழுவதையும் அண்ணனுக்கே கொடுக்க முடிவுசெய்திருப்பதாக, திட்டத்தை நிர்வகிக்கும் அறங்காவலர்கள் ஒற்றை வரியில் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் பிள்ளைகள் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஏதோ கப்பல் வழக்கு உதவும் என்கிறான் என் தங்கை மகன். லண்டன் வழக்கறிஞருக்குப் பணம் கட்டலாமா? – வாசகி, தெம்பனிஸ்

பதில்: சகோதரி, இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஆனால் பையன் சொன்னது சரி.

நமது சிங்கப்பூர் மத்திய சேம நிதியில், பணம் யாருக்கு என்று முன்பு எழுதிக் கொடுத்த நியமனம் திருமணமானதும் தானாகவே ரத்தாகிவிடும். அங்கேயும் அப்படித்தான் என்று நீங்கள் நம்பியதில் வியப்பில்லை. இங்கிலாந்தின் பெரும்பாலான நிறுவனத் திட்டங்களில் அந்தப் படிவம் வெறும் விருப்பக் குறிப்பு. யாருக்கு எவ்வளவு என்பதை அறங்காவலர்கள்தாம் முடிவுசெய்ய வேண்டும். பழைய தாளைப் பார்த்து அப்படியே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவது முடிவுசெய்வதாகாது.

அந்தக் கப்பல் வழக்கு இதுதான். 2009இல் நடுக்கடலில் ஒரு தலைமைப் பொறியாளர் கப்பலிலிருந்து காணாமற்போனார். தற்கொலை என்று முடிவுகட்டி, இறப்புத் தொகையை மறுத்தது நிறுவனம். மனைவி வழக்காடினார். 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளில் மூவரின் பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: முடிவெடுக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு இருக்கலாம், ஆனால் கருத வேண்டியவற்றைக் கருதி, வேண்டாதவற்றை விலக்கி, நியாயமான முறையில் முடிவெடுக்க வேண்டும். தற்கொலை என்று சொல்ல வலுவான சான்று வேண்டும். இந்த அளவுகோலின் வேர் 1947இல் ஒரு திரையரங்கின் ஞாயிற்றுக்கிழமை உரிமம் பற்றிய வழக்கில் இருக்கிறது. 2017இல் ஐபிஎம் ஓய்வூதிய வழக்கிலும் நிறுவனத்தின் முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே வழியில்தான் சோதித்தது. ஓய்வூதிய வழக்கறிஞர்கள் கப்பல் வழக்கையும் விடாமல் படிப்பது இதனால்தான்.

ஒன்றை மனத்தில் வையுங்கள்: உங்கள் அறங்காவலர்கள் இந்த முறையில் தவறியிருந்தாலும் பணம் நேராக உங்கள் கைக்கு வராது. 'மறுபடி முறையாக முடிவெடுங்கள்' என்றே புகாரை விசாரிப்பவர்கள் பெரும்பாலும் அவர்களிடம் திருப்பி அனுப்புவார்கள். பிள்ளைகளின் வயது, வீட்டுக் கடன், கணவர் வருமானத்தை நம்பியிருந்த நிலை எல்லாம் அப்போது எடைபோடப்பட வேண்டும்.

ஆகவே இன்றே அறங்காவலர்களுக்கு எழுதுங்கள். பணம் இன்னும் போகவில்லையென்றால் நிறுத்திவைக்கக் கேளுங்கள். திட்ட விதிகளின் நகல், முடிவுக்கான காரணம், எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார்கள் என்ற விவரம், மூன்றையும் கேளுங்கள். திருமணச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் இணையுங்கள். அவர்கள் இவற்றைப் பார்த்தே இருக்க மாட்டார்கள் என்பது என் ஐயம்.

பதில் திருப்தியில்லையென்றால் திட்டத்தின் உள் முறையீட்டு வழியில் போங்கள். அதன்பின் ஓய்வூதியக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், கட்டணமே கிடையாது. பொதுவாக, நடந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் புகார் அவரிடம் போய்ச் சேர வேண்டும். அவர் தீர்ப்பையும் எதிர்க்க நேர்ந்தால், அப்போது வழக்கறிஞரைப் பாருங்கள்.