மறுபடியும் தறியா என்று கேட்கும் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

மூன்று தலைமுறை தறிக்குழியில் கிடந்தது போதும், பெண்ணாவது வெளியே போகட்டும் என்றுதான் கல்லூரிக்கு அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். பி.எஸ்சி. ஆடை வடிவமைப்பு முடித்த கையோடு அவள் துணிக்கலையில் முதுகலை படிக்க வேண்டும் என்கிறாள். ‘மறுபடியும் தறியா?’ என்ற உங்கள் கேள்வியில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. முதுகுவலியும் கூலிப் பாக்கியும் தெரியாதவர்கள்தான் நெசவைப் பற்றி அழகாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

போன வாரம் உங்கள் மகள் என்னைப் பார்க்க வந்தாள். பையிலிருந்து கைக்குட்டை அளவில் ஒரு துணியை எடுத்து மேசையில் விரித்தாள். நீளவாட்டில் ஓடும் பாவு, உங்கள் போர்வைத் தறியில் மிஞ்சிய பருத்தி நூல். குறுக்கே ஓடும் ஊடையில் பாதி பழைய சேலைக் கிழிசல், பாதி தேங்காய் நார். நான் குறை எதுவும் சொல்வதற்கு முன்பே ஓர் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, “இந்த இடத்தில் நார் விறைத்துக்கொண்டு கரையை இழுத்துவிட்டது, நனைத்து ஓட்டியிருக்க வேண்டும்” என்றாள். பாவு பிணைக்கும்போது விரலில் சாம்பல் தொட்டுக்கொள்ள நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்களாம். இந்தக் கண்ணும் இந்தக் கையும் உங்கள் வீட்டில் வந்தவை. நகரத்திலிருந்து வரும் பல மாணவர்கள் முதுகலையின் முதல் ஆண்டில்தான் தறியையே தொடுகிறார்கள்.

ஆனால் திறமை இருக்கிறது என்பதற்காகவே இந்தப் படிப்பில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ‘துணிப் படிப்பு’ என்று ஒரே பெயரில் சொல்லப்படுபவை வெவ்வேறு பாதைகள். எது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாமல் கட்டணம் கட்டிவிட்டுத் திரும்பி வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

துணித் தொழில்நுட்பத்தில் எம்.டெக். படிக்கப் பொறியியல் பட்டம் வேண்டும், அதை விட்டுவிடலாம். கோயம்புத்தூரிலேயே எம்.எஸ்சி. படிப்பது செலவு குறைந்த வழி. வீட்டிலிருந்து போய் வரலாம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதினால் மனையியல் பாடத்தில் துணியியலும் அடங்கும். கற்பிப்பதுதான் அவள் விருப்பம் என்றால் இதில் எந்தக் குறையும் இல்லை.

அவள் மனத்தில் இருப்பது அதுவல்ல. அவள் கேட்பது வடிவமைப்பா, கலையா என்பதில்தான் குழப்பம். வடிவமைப்பாளருக்கு எதிரில் ஒரு வாடிக்கையாளர் இருப்பார்: என்ன விலை, எந்தப் பருவம், எத்தனை மீட்டர் என்று கேட்பார். கரூரில் திரைச்சீலையும் மேசை விரிப்பும் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய வண்ணம், புதிய கட்டம் தேவை. அந்த வேலைக்கு ஆள் வேண்டும், மாதச் சம்பளமும் உண்டு. இதற்கான படிப்பு எம்.டெஸ்., அதாவது வடிவமைப்பில் முதுகலை. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அதாவது என்.ஐ.டி.யில், துணி வடிவமைப்பு தனிப் பிரிவாகவே இருக்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்டின் எம்.டெஸ். 2 ஆண்டுப் படிப்பு. அது பொதுவான வடிவமைப்பு, துணி அதில் ஒரு பகுதிதான். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு, பிறகு நேர்முகம். நேர்முகத்தில் அவள் செய்தவற்றைக் காட்டிப் பேச வேண்டும். அந்த நார்த் துணி அங்கே மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

கலையின் பாதை நீண்டது. சிற்பி மிருணாளினி முகர்ஜி பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியனிடம் பயின்றவர். தறியில்லாமல், சணல் கயிற்றைக் கையால் முடிச்சுப் போட்டே ஆளுயரச் சிற்பங்களை உருவாக்கினார். ஒரு சிற்பத்துக்குப் பல மாதங்கள் பிடிக்கும். 2015இல் அவர் மறைந்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2019இல் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. இந்தப் பாதையில் போகிறவர்களுக்குப் பக்கத்தில் வேறொரு வருமானம் இருந்தே ஆக வேண்டும். சாந்திநிகேதனின் கலாபவனம் போன்ற இடங்களில் நுண்கலை முதுகலையான எம்.எஃப்.ஏ. படிக்கப் பெரும்பாலும் இளங்கலையும் நுண்கலையிலேயே இருக்க வேண்டும் என்பார்கள். ஆகவே உங்கள் மகளுக்கு இப்போது திறந்திருக்கும் கதவு எம்.டெஸ். அதன் வழியாகப் போய்ப் பிறகு கலைக்குத் திரும்பியவர்களும் உண்டு.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த ஆண்டே எங்காவது சேர்த்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பளபளப்பான கையேட்டோடு வரும் தனியார் நிறுவனத்தில் வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டவே வேண்டாம். அப்படி எங்காவது போய் விசாரித்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாணவர்கள் கை வைக்க எத்தனை தறி இருக்கிறது, சாயப் பட்டறை இருக்கிறதா? இரண்டுக்கும் நேராகப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு நிறுவனங்களிலும் கட்டணம் குறைவல்ல, லட்சங்களில்தான் வரும். ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகை உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டில் வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் அலைந்து தேதியைத் தவறவிட்டவர்கள் பலர்.

அவளுக்கு வேண்டியது ஓர் ஆண்டு. அதில் பாதி நாள் கரூரிலோ ஈரோட்டிலோ ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் மாதிரிப் பிரிவில் வேலை செய்யட்டும். விலை கேட்கும் வாடிக்கையாளருக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால், தான் வடிவமைப்பாளரா கலைஞரா என்பது அவளுக்கே தெரிந்துவிடும். மீதி நாளில் பத்துப் பன்னிரண்டு துணிகள் நெய்யட்டும். ஒவ்வொன்றுக்கும் என்ன நூல், அதன் பருமனைச் சொல்லும் எண் எத்தனை, எங்கே தவறியது, ஏன் மாற்றினாள் என்று தேதியோடு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறாள். அந்த நோட்டை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகினால் நேர்முகத்தில் சொல்ல அவளிடம் சொற்கள் இருக்கும்.

அதற்கு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இருப்பது இரண்டு தறிகள் என்றாள். அவற்றில் ஒன்றை மூன்று மாதம் அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா? கூலி நெசவில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது எனக்குத் தெரியும். முழு நாளும் முடியாவிட்டால், நீங்கள் தறியை விட்டு எழுந்த பிறகு மாலை நேரம் மட்டுமாவது கொடுங்கள். பாவு அவளே பிணைத்துக்கொள்வாள்.