பெற்றோர் சொல்லும் சின்னப் பொய்கள் குழந்தையின் நேர்மையைப் பாதிக்குமா?

பாதிக்கும், குறிப்பாகப் பள்ளிக்குப் போகும் வயதில். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சில குழந்தைகளை "பக்கத்து ரூம்ல கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கு" என்று அழைத்துப்போய், "சும்மா சொன்னேன்" என்றார்கள். பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் முதுகுக்குப் பின்னால் பொம்மையை வைத்து, "திரும்பிப் பார்க்காதே" என்றுவிட்டு 90 விநாடி வெளியே போனார்கள். 5-7 வயதில், ஏமாற்றப்படாதவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் பார்த்தார்கள். ஏமாற்றப்பட்டவர்களில் சுமார் 80. அதை மறைத்துப் பொய் சொன்னதும் இவர்களே அதிகம். 3-4 வயதினரிடம் இந்த வித்தியாசம் இல்லை.

யாரோ ஒருவர் சொன்ன ஒரு பொய்க்கே இப்படி. வீட்டில் குழந்தை எதையாவது வாங்கித் தரச் சொன்னால் "கடை பூட்டியாச்சு" என்கிறோம். அதைவிட மோசம், போனை மகளிடம் நீட்டி "அப்பா குளிக்கிறார்னு சொல்லு" என்பது. பொய்யை அவள் வாயாலேயே சொல்லவைக்கிறோம். கடை பூட்டியதாகச் சொல்வதற்குப் பதில் "இன்னிக்கு வாங்க மாட்டேன்" என்றே சொல்லுங்கள். குழந்தை கொஞ்ச நேரம் அழும், அழட்டும்.