பொதுவாக்கெடுப்பும் நாடாளுமன்றமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது பற்றிய உங்கள் கட்டுரையில், ‘பொதுவாக்கெடுப்பின் முடிவு ஓர் ஆலோசனை மட்டுமே, அது நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது’ என்று ஒரு வரி வருகிறது. அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் பள்ளி ஆசிரியராக இருந்தவன். முப்பது ஆண்டுகளில் பல தேர்தல்களுக்கு வாக்குச்சாவடிப் பணிக்குப் போயிருக்கிறேன். வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்துவிட்டுப் போகும் முதியவர்களைப் பார்த்த எனக்கு, அவர்கள் சொன்னது வெறும் ஆலோசனை என்று ஒருவர் எழுதும்போது கோபம்தான் வருகிறது. உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகள். உரியவர்களே நேரில் வந்து ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு பிரதிநிதிக்கு என்ன வேலை? 2016இல் மக்கள் சொன்னதை நிறைவேற்ற நாடாளுமன்றம் மூன்றரை ஆண்டுகள் இழுத்தடித்தது. அது மக்களுக்குச் செய்த துரோகம் இல்லையா? ஜனநாயகத்தில் இறுதிச் சொல் யாருடையது?

அன்புடன்,
ஆர்., காரைக்குடி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபம் நியாயமானது. ‘ஆலோசனை மட்டுமே’ என்று நான் எழுதியது சட்ட நோக்கில் சரி என்றாலும், அந்த ‘மட்டுமே’ அங்கே வந்திருக்கக் கூடாது. வாக்கெடுப்புக்கு முன்பு பிரிட்டிஷ் அரசு வீடுவீடாக ஒரு துண்டறிக்கை அனுப்பியது. இது உங்கள் முடிவு, நீங்கள் முடிவு செய்வதை அரசு நிறைவேற்றும் என்று அதில் அச்சிட்டிருந்தது. அதை நம்பி வாக்களித்தவரிடம், முடிவு வந்த மறுநாள் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டி ‘இது ஆலோசனைதான்’ என்று சொல்வது நேர்மையாகாது. வாக்காளர்களிடம் திரும்பப் போகாமலேயே வெளியேற்றத்தை ரத்து செய்துவிடலாம் என்று அன்று வாதிட்டவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் மையக் கேள்விக்கு வரும்போது நான் வேறு இடத்தில் நிற்கிறேன். உரியவர் நேரில் வந்து சொல்லிவிட்டார் என்கிறீர்கள். எதைச் சொன்னார்? 2016 ஜூன் 23 அன்று கொடுக்கப்பட்ட வாக்குச்சீட்டில் ஒரே ஒரு கேள்வியும் இரண்டு கட்டங்களும் இருந்தன. ஐக்கிய முடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக நீடிக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா? 1 கோடியே 74 லட்சம் பேர் வெளியேற வேண்டும் என்றார்கள், 1 கோடியே 61 லட்சம் பேர் நீடிக்க வேண்டும் என்றார்கள். விழுக்காட்டில் 51.9க்கு 48.1. வெளியேறி எங்கே போவது என்று சீட்டு கேட்கவில்லை. நார்வேயைப் போல ஒன்றியத்துக்கு வெளியே இருந்துகொண்டே அதன் ஒற்றைச் சந்தைக்குள் (சரக்கும் பணமும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஏற்பாட்டுக்குள்) இருப்பதா, கனடாவைப் போல ஒரு வணிக ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்வதா, எந்த ஒப்பந்தமும் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வருவதா? அயர்லாந்துத் தீவின் குறுக்கே, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே ஓடும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லையில், 1998ஆம் ஆண்டு அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு மறைந்துபோன சோதனைச் சாவடிகள் திரும்ப வருமா? இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வெளியேறக் கோரியவர்களிடையே ஒவ்வொரு பதில் இருந்தது. வாக்களித்த கூட்டம் அன்று மாலையே கலைந்துவிடுகிறது. அதைத் திரும்ப அழைத்து, ‘எதை மனத்தில் வைத்துச் சொன்னீர்கள்?’ என்று கேட்க வழியில்லை.

அந்த இடத்தில்தான் ஒருவர் முன்னால் வந்து, மக்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும் என்கிறார். அவர் யார் என்று பாருங்கள். மக்கள் தீர்ப்புக்கும் நாடாளுமன்றத்துக்கும் மோதல் என்று நமக்குச் சொல்லப்படும் பெரும்பாலான இடங்களில், மோதல் உண்மையில் ஆட்சியில் இருப்பவருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையில்தான் நடக்கிறது.

2016 இலையுதிர்காலத்தில் பிரதமர் தெரசா மேயின் அரசு எடுத்த நிலைப்பாடு இதுதான்: மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள், ஆகவே ஒன்றியத்திலிருந்து விலகும் அறிவிப்பை அமைச்சர்களே அரச சிறப்புரிமையைக் (நாடாளுமன்றத்தைக் கேட்காமல் முடியின் பெயரால் செயல்படும் அதிகாரத்தைக்) கொண்டு அனுப்பிவிடலாம், நாடாளுமன்றம் சட்டம் இயற்றத் தேவையில்லை. ஜினா மில்லர் என்ற தொழிலதிபர் தொடுத்த வழக்கில் நவம்பர் 3 அன்று உயர் நீதிமன்றம் இதை மறுத்தபோது, மறுநாள் ஒரு நாளிதழ் மூன்று நீதிபதிகளின் படத்தையும் முதல் பக்கத்தில் போட்டு ‘மக்களின் எதிரிகள்’ என்று தலைப்பிட்டது. 2017 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமும் எட்டுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதையே உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு வெளியேற்றத்தைத் தடுக்கவில்லை. நாடாளுமன்றம் சட்டத்தால் தந்த உரிமைகளை அமைச்சர் கையெழுத்தால் பறிக்க முடியாது என்றது, அவ்வளவுதான். நீதிமன்றம் ஓர் ஒப்பீட்டையும் சுட்டிக்காட்டியது. 2011இல் வாக்களிக்கும் முறையை மாற்றுவது பற்றி நடந்த வாக்கெடுப்புக்கான சட்டத்தில், மக்கள் ஆம் என்றால் அமைச்சர் என்ன செய்தே ஆகவேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. 2016 வாக்கெடுப்புக்காக 2015இல் இயற்றிய சட்டத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. அதை எழுதாமல் விட்டவர்கள்தான், பிறகு முடிவைத் தூக்கிக்கொண்டு நாடாளுமன்றத்தைத் தாண்டிப் போகப் பார்த்தார்கள்.

தீர்ப்புக்குப் பின் நாடாளுமன்றம் என்ன செய்தது? உறுப்பினர்களில் பெரும்பாலானோர் 2016இல் நீடிப்பதையே விரும்பியவர்கள். இருந்தும் பிப்ரவரி 1 அன்று, விலகல் அறிவிப்பை அனுப்ப அனுமதிக்கும் மசோதாவை 498க்கு 114 என்ற வாக்கில் முன்னகர்த்தினார்கள். தம் சொந்தக் கருத்துக்கு எதிராகவே பலர் கைதூக்கினார்கள். இதைத் துரோகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நீங்கள் இழுத்தடிப்பு என்று குறிப்பிடும் காலம் அதற்குப் பின் வருவது. அதில் ஓர் இரவு என் நினைவில் அப்படியே இருக்கிறது. 2019 ஜனவரி 15, நமக்குப் பொங்கல். வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு கணினியில் லண்டன் அவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்கு மணி ஒன்று கடந்திருந்தது. துலிப் சித்திக் என்ற உறுப்பினர் சிசேரியனை இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் வாக்களிக்க வந்திருந்தார். அன்று அங்கே வேறொருவர் மூலம் வாக்களிக்கும் ஏற்பாடு இல்லை. வாக்குகளை எண்ணிய நால்வரும் மேசைக்கு முன் வரிசையாக நின்று தலைவணங்கினார்கள். ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தார்: ஆம் 202, இல்லை 432. ஒன்றியத்தோடு தெரசா மே அரசு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பேசிக் கொண்டுவந்த ஒப்பந்தம் 230 வாக்குகளில் தோற்றது. ஓர் ஆளுங்கட்சி அந்த அவையில் அத்தனை பெரிய தோல்வியை அதற்கு முன் கண்டதில்லை.

அந்த ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் மார்ச் 29 அன்றே பிரிட்டன் வெளியேறியிருக்கும். எதிர்த்து வாக்களித்தவர்களில் 118 பேர் பிரதமரின் கட்சிக்காரர்கள், அவர்களிலும் பெரும்பான்மையினர் வெளியேற்றத்துக்காகத் தொண்டை கிழியப் பிரச்சாரம் செய்தவர்கள். இது மக்கள் கேட்ட வெளியேற்றம் இல்லை என்றார்கள். ஆதரித்தவர்கள் இதுதான் மக்கள் கேட்டது என்றார்கள். இருதரப்பும் காட்டியது அதே 51.9 விழுக்காட்டைத்தான். சில வாரங்கள் கழித்து, மார்ச் 27 அன்று, எட்டு மாற்று வழிகளை ஒவ்வொன்றாக அவையில் வாக்குக்கு விட்டார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் (தமக்குள் சுங்கவரி இல்லாமல், வெளியாருக்கு ஒரே வரி விதிக்கும் ஏற்பாட்டில்) இருப்பது என்ற வழி வெறும் மூன்று வாக்குகளில் தோற்றது. நான் அந்த நாட்களில் எரிச்சலடைந்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது, வாக்குச்சீட்டு கேட்காமல் விட்ட கேள்விகளை ஒரு நாடு முதன்முறையாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டது அந்த அவையில்தான் என்று. அந்தக் கேள்விகள் 2016க்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

அயர்லாந்தில் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால் திருத்த மசோதா முதலில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சொல்லுக்குச் சொல் நிறைவேற வேண்டும், அதன் பிறகே மக்களிடம் போகும். 2018 மே மாதம் கருக்கலைப்புத் தடையை நீக்கும் திருத்தத்துக்கு 66.4 விழுக்காட்டினர் ஆம் என்றபோது, தடை நீங்கினால் என்ன சட்டம் வரும் என்பதன் வரைவை அரசு முன்பே வெளியிட்டிருந்தது. டிசம்பரில் சட்டமும் வந்துவிட்டது. மக்களா நாடாளுமன்றமா என்ற சண்டைக்கே அங்கே இடம் வரவில்லை.

இனி நமக்கு நெருக்கமான ஒன்று. 1945 மே மாதம், ஐரோப்பாவில் போர் முடிந்த கையோடு, தேர்தலைத் தள்ளிவைத்துப் போர்க்காலக் கூட்டணி அரசைத் தொடர்வதற்காக நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் யோசனை சொன்னார். தொழிற்கட்சித் தலைவர் அட்லி மறுத்தார். அது நம் மரபுக்கு முற்றிலும் அந்நியமான கருவி, நாசிசமும் பாசிசமும் அடிக்கடி கையாண்ட கருவி என்று பதில் எழுதினார். சர்ச்சில் கைவிட்ட அந்த யோசனை 37 ஆண்டுகள் கழித்து இலங்கையில் நடந்தேறியது.

1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ பாதி வாக்குகளைப் பெற்று ஆறில் ஐந்து பங்கு இருக்கைகளைப் பிடித்திருந்தது. 1978இல் வந்த புதிய அரசியலமைப்பின்படி அடுத்த தேர்தல் விகிதாசார முறையில், அதாவது வாக்குப் பங்குக்கேற்ற இருக்கைகள் என்ற முறையில், நடக்க வேண்டும். நடந்தால் அந்தப் பெரும்பலம் கரைந்துவிடும். அந்தக் கட்சியின் தலைவரான ஜனாதிபதி ஜெயவர்த்தனா தேர்தலை நடத்தவில்லை. இருக்கும் நாடாளுமன்றமே இன்னும் ஆறு ஆண்டு தொடரலாமா என்று 1982 டிசம்பர் 22 அன்று சர்வசன வாக்கெடுப்பு நடத்தினார். அப்போது அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்கு குடம். விளக்குக்கு 54.7 விழுக்காடு விழுந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள், ஆர். நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் சொன்ன ஆம், ஆறில் ஐந்து பங்கு இருக்கைகளை அப்படியே இன்னொரு ஆறு ஆண்டுக்குக் காப்பாற்றிக் கொடுத்தது. அந்த நாடாளுமன்றம்தான் தமிழர்களுக்கு எதிரான ஜூலை வன்முறைக்கு அடுத்த மாதமே, 1983 ஆகஸ்டில், தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிடும் உறுதிமொழியைக் கட்டாயமாக்கும் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. உறுதிமொழி எடுக்க மறுத்து அவைக்குப் போகாதிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தங்கள் இருக்கைகளை இழந்தார்கள். பொதுத் தேர்தல் 1989 பிப்ரவரியில்தான் வந்தது. போர் வளர்ந்த அந்த ஆண்டுகளில் வடக்கின் மக்கள் தங்கள் கோபத்தையும் துக்கத்தையும் அவையில் சொல்ல, தாங்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லாமல் இருந்தார்கள். இறுதிச் சொல் மக்களுடையது என்று சொல்லித்தான் இதுவும் செய்யப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது, ஆகவேதான் ‘மக்கள் சொல்லிவிட்டார்கள்’ என்ற சொல்லை ஓர் ஆட்சியாளரின் வாயிலிருந்து கேட்டால், கேள்வியை எழுதியவர் யார் என்று உடனே தேடுகிறேன்.

இறுதிச் சொல் யாருடையது என்றும் கேட்டிருந்தீர்கள். மக்களுடையதுதான். ஆனால் அது ஒருமுறை சொல்லி முடிந்துவிடும் சொல்லாக எனக்குத் தோன்றவில்லை. நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருப்பது அதில் இருப்பவர்கள் வாக்காளரைவிட அறிவாளிகள் என்பதால் இல்லை. அவர்களைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கலாம், எப்படி வாக்களித்தார்கள் என்று பதிவேட்டில் பார்க்கலாம், அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். பிரிட்டனில் அதுவும் நடந்தது. 2019 டிசம்பர் 12 தேர்தலில், ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற, தெரசா மேவுக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சனின் கட்சிக்கு வாக்காளர்கள் 80 இருக்கைப் பெரும்பான்மை கொடுத்தார்கள். புதிய நாடாளுமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் சட்டமாக்கியது, 2020 ஜனவரி 31 அன்று நாடு வெளியேறியது. அந்த முடிவு எனக்குப் பிடித்ததா என்பது வேறு விஷயம். எந்த வெளியேற்றம் என்பது எழுத்தில் இருந்தது, அதற்குப் பொறுப்பேற்க ஆட்களும் இருந்தார்கள்.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். ‘ஆலோசனை மட்டுமே’ என்பதை எடுத்துவிட்டு, முடிவை நிறைவேற்றும் கடமையை 2015ஆம் ஆண்டுச் சட்டம் யார்மீதும் சுமத்தவில்லை என்றும், அரசோ நிறைவேற்றுவதாகத் துண்டறிக்கையில் வாக்குக் கொடுத்திருந்தது என்றும் இரண்டையும் அருகருகே எழுதியிருக்கிறேன். வரிசையில் நின்ற முதியவர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருக்காவிட்டால் அந்த வரி அப்படியே இருந்திருக்கும். நன்றி.

அன்புடன்,
ஆசிரியர்