கைவிடப்பட்ட குவாரிக் கழிவு: முதலில் தேதியைப் பாருங்கள்

கேள்வி: குப்பம் அருகே எங்கள் ஊர். குத்தகை முடிந்த கிரானைட் குவாரியின் கழிவுக் குவியல் பத்து ஆண்டுகளாக ஏரியின் வரத்துக் கால்வாயை அடைத்துக் கிடக்கிறது. எத்தனை மனு கொடுத்தும் பயனில்லை. சென்ற மழையில் குவியல் சரிந்து என் மல்பெரித் தோட்டமும் பாழானது. பழைய குத்தகைதாரர் கால்வாயை மட்டும் தூர்வாரித் தருவதாகச் சொல்கிறார். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் அலுவலகங்களில் தாங்கள் பட்ட அவமதிப்போ குத்தகைதாரரின் செல்வாக்கோ அங்கே எடுபடாது. தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, 15-ஆம் பிரிவின்படி இழப்பீடும் சூழல் மீட்பும் கோர, வழக்குமூலம், அதாவது வழக்குக்குக் காரணமான நிகழ்வு, முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளே அவகாசம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள். எனவே "பத்து ஆண்டுகளாக" என்று மனுவைத் தொடங்கினால் எதிர்த்தரப்பின் வேலையைத் தாங்களே முடித்துக் கொடுத்தவர் ஆவீர்கள். சென்ற மழையில் நேர்ந்த சரிவும் அதனால் வந்த சேதமுமே தங்கள் வழக்கு; அந்தத் தேதியை வி.ஆர்.ஓ. (கிராம வருவாய் அலுவலர்) நேரில் பார்த்து சாட்சிகளுடன் எழுதும் பஞ்சநாமாவாலும் படங்களாலும் நிலைநாட்டுங்கள்.

பொறுமையிழந்த கட்சிக்காரர்கள் தாங்களே ஜேசிபி வைத்துக் கல்லை அள்ளி, கூலிக்குக் கட்டுப்படியாகட்டும் என்று கிரஷருக்கு அனுப்பி மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கழிவானாலும் அது கனிமம்தான். அனுமதிச் சீட்டில்லாமல் கொண்டுபோனால் 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு, வண்டியும் போகும். அதைவிடப் பெரிய கேடு, சரிவின் தடயம் அழிந்து, அடியில் நீங்கள் தோண்டியதால்தான் குவியல் சரிந்தது என்று எதிர்த்தரப்பு பதில்மனு போட வழி பிறப்பதாகும். கல்லைத் தொடாதீர்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசத்துக்கு இசையுங்கள். தீர்ப்பாயம் கூட்டுக்குழு அமைத்து, அறிக்கை பெற்று, உத்தரவிடுவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். முதலில் கால்வாய், அடுத்து குவியலின் அடிவாரத்தில் தாங்குசுவர், மரம் நடுவது அதற்குப் பிறகு என்ற வரிசையில் கேளுங்கள். அள்ளிய கல்லைக் கரையிலேயே கொட்டினால் மீண்டும் கால்வாய்க்கே வரும்; ஆகையால் கொட்டும் இடமும் கெடுவும் எழுத்தில், கனிமவளத் துறைக்கு நகலுடன் இருக்க வேண்டும். கழிவைச் சேமிப்பதும் நிலத்தைச் சீர்செய்வதும் குத்தகைதாரரின் கடமை என்று 1999-ஆம் ஆண்டு கிரானைட் விதிகளே சொல்வதால், இது அவர் காட்டும் சலுகை அல்ல. "இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால் மட்டும் கையெழுத்திடாதீர்கள். தோட்டத்துக்கான இழப்பீடு அதோடு போய்விடும். பேச்சுவார்த்தையில் கழியும் மாதங்களையும் அந்த 5 ஆண்டிலிருந்து யாரும் கழித்துத் தரமாட்டார்கள். மீதிக் குவியலுக்கு சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியைக் கோரி கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். குடிநீரும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அந்நிதியில் முன்னுரிமைப் பணிகள்.